உள்சுவரில் ஒரு சொட்டு

ஐந்து ரூபாயா பத்து ரூபாயா,
பேர்சுக்குள் விரல் விட்டுச் சொல்ல முடியவில்லை.
அநுராதபுரச் சந்தியில்
கொண்டக்டர் பொறுமையாக நிற்கிறான்,
பின்னால் மீன்பெட்டியோடு ஏறியவருக்குப் பொறுமை இல்லை.
சில்லறையை உள்ளங்கையில் கொட்டி
கண்ணால் பார்த்துக் கொடுக்கிறேன்.
சட்டைக் கொக்கியும் இப்போது கண்ணாடி பார்த்துத்தான்.
கச்சேரியில் உறுதிகள் புரட்ட
மேசையில் ஈரப் பஞ்சு வைத்திருக்கிறேன்.
விரல் நனைந்தது தெரிவது
தாளில் கறை பட்ட பிறகு.

கழுத்துக் கட்டி போய்விட்டது.
கரைத்தது பட்டிப்பூவிலிருந்து எடுத்த மருந்தாம்.
ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில், மதிலோரம்,
ஆடுகூட வாய் வைக்காத அதே ஊதாப் பூ.

கலம் என்றால் துறைமுகத்தில் கப்பல்.
உயிரியல் புத்தகத்தில் உடம்பின் சிறு அறை.
இரண்டாகப் பிரிய ஒரு கலத்துக்குக்
குழாய்கள் வேண்டும், மயிரிலும் மெல்லிய குழாய்கள்.
பூ அவற்றைக் கட்ட விடாது.
கட்டி பிரிய முடியாமல் செத்தது.
நல்லது.
ஆனால் இடுப்பு முள்ளந்தண்டிலிருந்து
கால் பெருவிரல் வரை
ஒரே நரம்புக் கலத்தின் ஒரே கை,
ஒரு மீற்றர் நீளம்,
அதற்குள்ளும் இதே குழாய்கள்.
அவற்றின் மேல்தான் சுமை நடக்கிறது.
இரவு மெயில் சீனன்குடாவோடு நின்றுபோனால்
திருகோணமலை மேடையில் எப்படி விடியும்,
அப்படி இருக்கிறது என் பெருவிரல்.

டொக்டர் ருக்சானா தன் பேனையைக் கழற்றி
முடிந்துபோன ரீபிலை எடுத்து வளைத்தார்.
திருப்பி வளைத்தார். மறுபடியும்.
வளைந்த இடம் வெளுத்தது, பிறகு வெடித்தது.
“குழாய்க்கு உள்ளே, சுவரில்,
நாற்பதாம் இடத்தில்
வினாகிரிக்குச் சொந்தமான ஒரு சின்னத் துண்டு
ஒட்டியிருந்தால் இப்படி வெடிக்காது. வளைந்து கொடுக்கும்.”
ஒட்ட ஒரு நொதியம். கழற்ற வேறொன்று.
ஒட்டுவது உள்ளே போக
குழாயின் முனை வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வெடிப்பு.
கழற்றுவதன் கையைக் கட்டினால்
எலிகளின் காலுக்கு உணர்வு திரும்பியதாம்.
எலிகளுக்கு.

“எனக்கு?”
ரீபிலைக் குப்பைக்கூடையில் போட்டார்.
சில கட்டிகளில் அதே சொட்டு
அளவுக்கு மேல் இருக்கிறதாம்,
ஊர்ந்து வேறிடம் போக அது உதவுகிறதோ என்று
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.
கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.
கழுத்துக்குத் தெரிந்தது, ஒரு விரல் வந்தது.

சுடுநீர் கவனம் என்று சீட்டில் எழுதியிருந்தார்.
அதனால்தான் கன்னியாவுக்கு வந்தேன்.
ஏழு கிணறு, ஏழு சூடு.
முதல் வாளி காலில் விழுகிறது: பாரம்.
இரண்டாவது: பாரம்.
பக்கத்தில் ஒரு தாய் தன் பையனுக்கு ஊற்றுகிறாள்.
மூன்றாம் கிணற்றில் சிரிக்கிறான்.
நான்காவதில் “ரஸ்னெய்! ரஸ்னெய்!” என்று துள்ளி ஓடுகிறான்.
இன்றைக்குச் சூட்டை
எனக்குச் சிங்களத்தில் சொல்ல ஒரு தோல் கிடைத்தது.
அவன் ஓடிய கிணறுகளில் வாளியைப் பாதியாகக் குறைத்தேன்.

ஆறாவதில் உட்கார்ந்து
பாதத்திலிருந்து மேலே மெதுவாக ஊற்றினேன்.
பாரம், பாரம், பாரம்,
பிறகு காலுறையின் விளிம்புபோல் ஓரிடத்தில்
சட்டென்று சூடு.
அதற்குக் கீழே நான் இல்லை.
துடைத்துவிட்டு நீலப் பேனையால்
அந்த இடத்தில் கோடு இழுத்தேன்,
போன மாதமும் இழுத்ததுபோல.
அப்போது அளந்து கைபேசியில் குறித்தது:
கணுக்காலிலிருந்து ஆறு விரல்.
இப்போது நான்கு.

அல்லது போன மாதம்
கோட்டைப் பிழையாகப் போட்டேன்.
பையன் ஏழாவது கிணற்றுக்கு வர மாட்டேன் என்கிறான்.
வாளி என் கையில் இருக்கிறது.